நினைவும் மறதியும்: ஆன்மசாதனத்தின்மேல் ஓர் ஆராய்ச்சி

முன் கண்டதனைப் பின்னர் எண்ணுதல் நினைவு எனப்படும். அந்நினைவினை ஏதுவாகக் கொண்டு ஆன்மா உளதென நாட்டுதல் சமயநூலார் பலர்க்கும் பொதுவாகிய வழக்கு. சைவசித்தாந்தம் பயில்வோரும் அதனைப் பெரிதும் எடுத்தாளுகின்றனர். ஆயின், நினைவு எதனை நாட்டும், எதனை நாட்டாது என்னும் வரையறை பலராலும் கருதப்படுவதில்லை. நினைக்கின்றவன் உளன் என்பது ஒன்று. நினைக்கப்பட்ட பொருள் நினைத்தவாறே நிகழ்ந்தது என்பது வேறொன்று. நினைக்கின்றவன் தானே பரம்பொருள் என்பது பிறிதொன்று. இம்மூன்றனுள் முதலாவதனை நினைவு நாட்டும், ஏனையிரண்டனையும் நாட்டாது.

இவ்வேற்றுமை நோக்காது மூன்றனையும் ஒருங்கு கூட்டியுரைத்தலான் விளையும் இடர் சிறிதன்று. நினைவொன்றே ஆன்மாவுக்குச் சான்றாயின், முதுமையானும் நோயானும் நினைவிழந்தார்மாட்டு ஆன்மா யாதாயிற்று என்னும் கடாவுக்கு விடையிறுத்தல் அரிதாம். பெற்ற மகனை இன்னான் என்று அறியாத தாய் ஒருத்தி இல்லத்திலே இருப்பாளாயின், அவளைச் சூழ்ந்திருப்பார்க்கு இக்கடா ஏட்டளவில் நில்லாது, நாள்தோறும் எதிர்ப்படுவதாம். ஆகலின் இவ்வேதுவின் ஆற்றலையும் எல்லையையும் அளந்தறிதல் இன்றியமையாதது.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் நூலும் எடுத்துக்காட்டும் பெரும்பாலும் நடுநாட்டிலே, ஸ்ரீமுஷ்ணத்தைச் சூழ்ந்த பகுதியிலே கிடைத்தல் வியக்கத்தக்கது. திருமுட்டம் எனவும் வழங்கும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப்பெருமாள் கோயிலாற் பெரும்பெயர் பெற்றதாயினும், நித்தீசுவரர் திருக்கோயிலும் உடையது. அதற்கு அண்மையில், மணிமுத்தாறு வெள்ளாற்றொடு கூடுமிடத்தே, கூடலையாற்றூர் உளது. மணிமுத்தாற்றின் கரையிலே திருமுதுகுன்றமாகிய விருத்தாசலமும், வெள்ளாற்றை அடுத்துத் திருப்பெண்ணாகடமும் உள்ளன. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டதேவர் திருவவதாரம் செய்தது திருப்பெண்ணாகடத்தில்; ஞானாசிரியராய் விளங்கியது நடுநாட்டுத் திருவெண்ணெய்நல்லூரில். ஆளுடைய நம்பிகள் வரலாற்றில் வெண்ணெய்நல்லூர், முதுகுன்றம், கூடலையாற்றூர் என்னும் மூன்று தலங்களிலும் நிகழ்ந்த மூன்று செயல்களும் நினைவு, காலம், மெய்ம்மை என்பவற்றின் இயைபினையே விளக்கி நிற்பன. அவற்றை ஆராயுமுன் எதிர்பக்கத்தைச் செவ்விதின் அறிதல் வேண்டும்.

அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியார் பரபக்கம் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கின்றது. அவற்றுள் பௌத்தமதம் நான்கு. அந்நான்கனுள் ஒன்று சௌத்திராந்திகம். பொருள் யாவும் தோன்றிய கணத்தே கெடும் என்பதும், கெடுங்கால் தன்னை ஒத்த பிறிதொன்று தோன்றுதற்கு ஏதுவாகும் என்பதும், இங்ஙனம் தொடர்ந்து வரும் சந்தானமே ஒருபொருள் நிலைத்திருப்பதுபோலக் காணப்படுகின்றது என்பதும் கணபங்கம் கூறுவார் கொள்கை. அறிவும் அவர்க்கு அத்தகைத்தே. நேற்றுக் கண்ட அறிவு நேற்றே கெட்டது; இன்று நினைக்கும் அறிவு வேறு. அற்றேல், நேற்றுக் கண்டது இன்று நினைக்கப்படுமாறு யாங்ஙனம் எனின், முன்னையறிவு கெடுங்கால் தன் வாசனையைப் பின்னையறிவின்கண் வைத்துக் கெடும், மலரின் மணம் ஆடையிற் பற்றுதல்போல, என்பர். 'அதுவே இது' என்னும் உணர்வு எழுதல் என்னை எனின், விளக்கின் சுடர் கணந்தோறும் வேறாயினும் ஒன்றென்றே தோன்றுதல்போலவும், மழித்த மயிர் மீள வளர்ந்தவழி முன்னை மயிரே எனப்படுதல்போலவும், ஒப்புமையான் எழுந்த மயக்கம் அஃது என்பர்.

இக்கொள்கை எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. தமிழில் பௌத்த காப்பியமாகிய மணிமேகலையின் கதை பழம்பிறப்பு உணர்தலைப் பற்றுக்கோடாகக் கொண்டே நடக்கின்றது. மணிபல்லவத்திலே புத்தபீடிகையைக் கண்ட மணிமேகலை தன் முற்பிறப்பினை அறிகின்றாள். நிலைத்த ஆன்மா இல்லையென்பார் பிறப்பைக் கடந்த நினைவினை உடன்பட்டது முரண் அன்றோ என்று சிலர் நகுவர். அந்நகை பொருந்தாது. சந்தானமும் வாசனையும் ஒரு பிறப்பினுள் நிகழும் நினைவினை விளக்கவல்லனவாயின், பிறப்பு மாறியவழியும் விளக்கவல்லனவே. ஆகவே குற்றம் தேட வேண்டுவது கதையின்கண் அன்று. வாசனை என்னும் அவ்விளக்கத்தின்கண்ணேயாம்.

மணம் ஆடையிற் பற்றுங்கால் மலரும் ஆடையும் ஒருகாலத்து உடனிருத்தல் வேண்டும். கணபங்கத்தில் முன்னையறிவு உள்ளபொழுது பின்னையது இல்லை. பின்னையது தோன்றியபொழுது முன்னையது இல்லை. உடனிருத்தல் இல்லாதவழிப் பற்றுதல் ஏது? பற்றிய மணத்தைச் சிறிது பொழுதேனும் தாங்குதற்கு ஆடை நிலைத்தல் வேண்டும். அங்ஙனம் நிலைப்பதொன்றும் அவர் மதத்தில் இல்லை. இனி, ஒப்புமையால் எழுந்த மயக்கம் என்றலும் அவர்க்கு உதவாது. 'இச்சுடர் அச்சுடரை ஒக்கும்' என்று அறிதற்கு இரண்டனையும் கண்டானொருவன் வேண்டும். ஒன்றனைக் கண்ட அறிவு அக்கணத்தே கெட்டதாயின், ஒப்பு என்னும் உணர்வு எவர்க்கு நிகழும்? மயங்குதற்கும் இருகணம் நிற்பானொருவன் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவில் மறுப்பு முடிந்ததெனக் கொள்வார் பலர். முடிந்திலது. பௌத்தர்க்கு மறுமொழி ஒன்று உண்டு, கூர்மையுடையதும் அதுவே. பின்னையறிவின்கண் முன்னையறிவின் உருவமும் உடன்தோன்றும். ஆகலின் ஒப்பிடுதற்கு இருகாலத்தும் நின்றானொருவன் வேண்டா என்பது அம்மறுமொழி. இதற்கு விடை வருமாறு: பின்னையறிவின்கண் தோன்றிய உருவம் இப்பொழுது உள்ளதோர் உருவமேயாம். இப்பொழுதுள்ளதாகிய அது, 'முன்பு என்னாற் காணப்பட்டது' என்னும் அடையாளத்தை எங்கிருந்து பெற்றது? சுவரில் எழுதிய ஓவியம் இன்னானுடைய வடிவம் தான் என்று தானே கூறாது. அவனை முன்னர்க் கண்டானொருவன் வந்து நோக்கியவழியே 'இவன் அவன்' என்பது விளங்கும். அதுபோல, உருவமொன்று நினைவாதற்கு, அதனை முன்னை அநுபவத்தொடு இயைக்கும் ஒருவன் வேண்டும். அவ்வொருவனே ஆன்மா எனப்படுவான். கண்டது கண், கேட்டது செவி எனத் தனித்தனி நின்றவற்றை 'யானே கண்டேன், யானே கேட்டேன்' என ஒன்றாக அறிதல் கொண்டு ஐம்பொறியின் வேறாய் அறிவான் ஒருவன் உளன் எனச் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் நாட்டுகின்றது. வேறு வேறு பொறிக்கண் நின்ற அறிவுகளுக்கு உரைத்த அந்நெறியே வேறு வேறு காலத்து நின்ற அறிவுகளுக்கும் ஒக்கும்.

இத்துணையும் நினைவின் ஆற்றல் கூறப்பட்டது. இனி அதன் எல்லை கூறப்படும்.

மேல்நாட்டு ஆசிரியருள் பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் என்பார், மனத்தின் பகுப்பாராய்ச்சி பற்றி 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நிகழாத பழமையை நினைக்கும் மக்களோடு கூடி இவ்வுலகம் ஐந்து நிமிடங்களுக்கு முன்னரே தோன்றியது என ஒருவன் கூறுமிடத்து, அக்கூற்றில் தருக்கமுரண் காட்டுதல் இயலாது என்றனர். அவர் அங்ஙனம் நம்பினாரல்லர். நினைவு இப்பொழுது நிகழ்வதாகலின், அதனை மட்டும் கொண்டு இறந்தகால நிகழ்ச்சியை முடிந்த முடிபாக நாட்டலாகாது எனக் காட்டுதலே அவர் கருத்து. இதனைக் கேட்ட அளவிலே, 'இறந்தகாலம் வெறும் நினைவே. நினைவோ மனத்தின் தோற்றம். ஆகலின் உலகமும் தோற்றமாத்திரையே' எனச் சிலர் மாயாவாதத்திற் சென்று முடிகின்றனர். அது மிகைபடக் கூறல். நினைவு மெய்ம்மைக்குப் போதிய சான்றன்று என்பதனால், நினைக்கப்பட்டது பொய் என்பது போதராது. சான்று இன்மையும் பொருள் இன்மையும் வேறு வேறாம்.

நினைவு பிழைபடுதல் இக்காலத்து ஆராய்ச்சியாளரானும் நன்கு காட்டப்பட்டது. எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், மோட்டார் வண்டிகள் மோதும் படக்காட்சியை மாணவர்க்குக் காட்டி, வண்டிகளின் வேகம் எத்துணையிருக்கும் என வினவினர். ஒருசாரார்க்கு வினாவில் 'நொறுங்க மோதின' என்னும் கடுஞ்சொல்லும், மற்றொருசாரார்க்கு 'இடித்தன' என்னும் பொதுச்சொல்லும் வைக்கப்பட்டன. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டதுண்டோ என அவர்களை வினவியபொழுது, கடுஞ்சொல் கேட்டவருள் 50 பேரில் 16 பேரும், பொதுச்சொல் கேட்டவருள் 50 பேரில் 7 பேரும் கண்டதாகக் கூறினர். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. பின்னர்ச் செவியுற்ற ஒரு சொல் முன்னர்க் கண்ட காட்சியின் நினைவினை மாற்றிவிட்டது. சித்தாந்த நூலார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அளவைகளை அடக்கி, நினைவினைத் தனியளவையாக வையாமைக்குரிய காரணத்தை இதனான் உய்த்துணர்க. நினைவு முன்னையளவையான் அறிந்ததனை ஏந்தி வருவது. ஏந்தி வருங்கால் சிந்துதலும் கலத்தலும் அதற்கு இயல்பு.

அற்றேல், இறந்துபோயதன் மெய்ம்மை எதனாற் பெறப்படும்? இதற்கு விடையாகவே ஆளுடைய நம்பிகள் வரலாறு ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது.

புத்தூரில் நம்பியாரூரர் திருமணப்பந்தரின்கண் முதிய அந்தணராய் எழுந்தருளிய இறைவர், ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டு ஓலையொன்று காட்டினர். அஃது ஆரூரருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்தது என்பது அவர் கூற்று. ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தனர். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறே உளது என முதியவர் கூற, வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தை அடைந்தது. ஒரு வழக்கினை நாட்டுதற்குரியனவாக அங்குக் கூறப்பட்டவை ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்று. ஆட்சியாவது வழிவழி வந்த அநுபோகம்; ஆவணமாவது எழுத்து; காட்சியாவது பிறர் கண்டு கூறும் சாட்சி. இம்மூன்றனுள்ளும் வழக்காடுவோருடைய நினைவு இடம்பெறாமை ஊன்றி நோக்கத்தக்கது. ஆரூரர் இவ்வடிமைத்திறத்தைச் சிறிதும் அறிந்திலர் என்பது வழக்கினைத் தள்ளுதற்கு ஏதுவாகவில்லை. முதியவர் அறிந்து கூறினர் என்பதும் வழக்கினை நாட்டுதற்கு ஏதுவாகவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தொடு எழுத்து ஒப்புநோக்கிய பின்னரே அவையத்தார் தீர்ப்புக் கூறினர். ஒருவன் நினையாத ஒன்றும் அவன்மாட்டு மெய்யாய் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. திருக்கயிலையில் ஆலாலசுந்தரராய் இருந்த தம் முன்னைநிலையினை ஆரூரர் மறந்திருந்தார்; மறந்தமையால் அந்நிலை இல்லையாயிற்றில்லை.

திருமுதுகுன்றத்து நிகழ்ச்சி இதனினும் நுண்ணியது. அங்கு இறைவர் அளித்த பன்னீராயிரம் பொன்னை ஆரூரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்தனர். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் பழமொழி பொருந்தாச் செயலைக் குறித்து இன்றும் வழங்குகின்றது. பரவையாரும் அக்கருத்தினாலேயே நகைத்தனர். ஆராய்ச்சிக்குரியது அவ்வற்புதம் மட்டும் அன்று. ஆற்றில் இடுமுன் ஆரூரர் அப்பொன்னில் ஒருசிறிது வெட்டி மச்சமாகத் தம் கையில் வைத்துக்கொண்டனர் என்பதே பெரிதும் நோக்கத்தக்கது. குளத்தில் எழுந்த பொன்னை அம்மச்சத்தொடு வைத்து உரைத்துப் பார்த்தபொழுது மாற்றுக் குறைந்து காணப்பட்டது. மீண்டும் பதிகம் பாடியபின் ஒத்தது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இச்செய்தியை இன்றும் நினைவூட்டி எழுந்தருளியிருக்கின்றார்.

'அப்பொன்னே இப்பொன்' என்னும் உணர்வு பிரத்தியபிஞ்ஞை எனப்படுவது. கண்ணளவிலும் நினைவளவிலும் நின்றிருப்பின் ஆரூரர் அக்குறையினை அறிந்திரார். பொன்னின் நிறம் நினைவில் நிற்கும், மாற்று நில்லாது. பொன்னைப் பற்றிய நினைவு பொன் அன்று, மச்சமோ பொன்னே. முன்னைப் பொருளின் ஒருகூறு பின்னைக்காலத்தும் நின்று அப்பொருளை அளத்தற்குக் கருவியாயிற்று. வெண்ணெய்நல்லூரில் மூலவோலையும் அத்தகையதே. இறந்தகாலத்தின் மெய்ம்மை நினைவினான் மட்டும் அன்றி, இறந்ததன் கூறாகவேனும் காரியமாகவேனும் இன்று நிற்பதனைக் கொண்டு கருதலளவையானும், அறிந்தார் உரையானும் துணியப்படும் என்பது இவ்விரண்டு நிகழ்ச்சியானும் பெறப்பட்டது.

சற்காரியவாதம் உடன்பட்டார்க்கே இவ்விடை உரியது என்பதும் உணர்க. விருத்தாசலம் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர். சூளையினின்று எடுத்த கலமொன்றை நோக்குக. சுடாத மண்கலம் நீரிற் கரையும், சுட்டது கரையாது. சுட்ட தீ அவிந்தது, அதனைக் கண்டாரும் இலராயினர். ஆயினும் அத்தீயின் காரியம் கலத்தின் வன்மையாய் நிற்கின்றது. இறந்தது சூனியமாயிற்று என்பார்க்கு இவ்வன்மைக்குக் காரணம் கூறல் இயலாது. உள்ளது இல்லாததாகாது, இல்லது தோன்றாது என்பார்க்கே இறந்ததும் நிகழ்வதும் ஒருதொடர்ப்படும்.

காலத்தைப் பற்றிய சித்தாந்தக் கொள்கையும் இதனொடு இயையும். வைசேடிகர் காலத்தை நித்தியமாகிய ஒரு திரவியம் என்பர். மேல்நாட்டு அகஸ்தீன் முனிவர், இறந்ததன் அளவும் எதிர்வதன் அளவும் நினைவும் எதிர்பார்ப்புமாய் உள்ளத்திலேயே அளக்கப்படுவன என்றனர். சித்தாந்தத்திற் காலம் நித்தியமும் அன்று. உள்ளத்தின் கற்பனையும் அன்று. அசுத்தமாயையினின்று தோன்றிய தத்துவங்களுள் ஒன்றாய், இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூவகைப்பட்டு, வினைப்பயனை வரையறுத்து உயிரை நடத்துவதொரு சடப்பொருள் அது. சடமாகலின் தானே அறியாது, தானே இயங்காது, சிவசத்தியான் இயக்கப்படும். தத்துவமாகலின் உயிர் நினைப்பினும் மறப்பினும் தன் தொழிலைச் செய்துகொண்டே நிற்கும். நினைவின்வழிக் காலம் ஓடுவதில்லை. காலத்தின்வழி நின்றே உயிர் நினைக்கின்றது.

இனி மூன்றாவது கூற்றாகிய, நினைக்கின்றவன் தானே பரம்பொருள் என்பது ஆராயப்படும். பத்தாம் நூற்றாண்டில் காசுமீரத்தில் விளங்கிய உற்பலதேவர், தம் ஈசுவரப் பிரத்தியபிஞ்ஞா காரிகையில், நினைவினைக் கொண்டே பௌத்தரை மறுத்தனர். வேறு வேறு காலத்து எழுந்த அறிவுகளை ஒருங்கு தொடுப்பான் ஒருவன் இன்றி நினைவு நிகழாது என்னுமளவும் அவர் கூற்றுச் சித்தாந்தத்தொடு ஒக்கும். அவ்வொருவன் மகேசுவரனே என்று அவர் முடித்தவிடத்தே இருவரும் பிரிகின்றனர். நினைவினை நோக்கியவர் மறதியையும் ஒப்ப நோக்கியிருத்தல் வேண்டும். நினைப்பவன் முற்றறிவுடைய பரம்பொருளாயின் மறதி அவனுக்கு எங்ஙனம் வந்தது? தன் சுதந்தரத்தினால் தன்னைத் தானே மறைத்துக்கொண்டான் என்பது அவர் விடை. விரும்பி மறப்பவன் விரும்பியபொழுது நினைத்தல் வேண்டும். நாவின் நுனியில் நிற்கும் ஒரு பெயரை நினைக்க முயன்று இயலாது வருந்துதல் யாவர்க்கும் நிகழ்வது. அவ்வருத்தம் சுதந்தரமுடையானுக்கு உரியதன்று. ஆகவே நினைவு உயிரின் உண்மைக்குச் சான்றாதல்போல, மறதி அதன் இயல்புக்குச் சான்றாம். நினைவினான் உயிர் சடத்தின் வேறென்பதும், மறதியினான் அது சிவத்தின் வேறென்பதும் பெறப்படும். மூன்றாஞ் சூத்திரம் அடுக்கிய ஏதுக்களுள் 'உணர்த்த உணர்தல்' என்பதும் வைக்கப்பட்டமையின் பயன் ஈண்டு விளங்கும். அறிவிப்பான் இன்றி அறியாமை உயிர்க்கு இயல்பு; அறிவித்தவழி அறிதலும் அதற்கு இயல்பு.

நினைவிழந்தவழி ஆன்மா யாதாம் என்னும் முதற்கடாவுக்கு விடையும் இதனின்று எழும். ஆங்கில நாட்டு லாக் என்பார், 1694-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவன் தன் முன்னைச் செயலை எத்துணை உணர்ந்து தன்னதெனக் கொள்கின்றானோ அத்துணையே அவன் அவனாவான் என்னும் கருத்துப்பட எழுதினர். இது கொள்ளின், மறந்தவன் தான் அல்லனாய்விடுவன். ஸ்காத்லாந்து நாட்டு ரீட் என்பார் 1785-இல் இதனை மறுத்தனர். மாபாடியம் அருளிய சிவஞானமுனிவர் சிவபதமடைந்த ஆண்டும் அதுவே. சிறுவனாய் அடிபட்டதனை இளம்படைத்தலைவன் நினைக்கின்றான். இளம்படைத்தலைவனாய்ச் செய்த வீரத்தை முதிய சேனாபதி நினைக்கின்றான். சிறுவனாய் அடிபட்டதனையோ சேனாபதி மறந்தான். லாக் கொள்கைப்படி, அவன் அச்சிறுவனாதலும் வேண்டும், அல்லனாதலும் வேண்டும் என்பது ரீட் காட்டிய முரண்.

சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில் ஆன்மா அந்தக்கரணங்களின் வேறென்பதும், அமைச்சரொடு கூடிய அரசன்போல அவற்றொடு கூடி ஐந்தவத்தைப்படும் என்பதும் கூறப்பட்டன. நனவில் முப்பத்தைந்து கருவியும், கனவில் இருபத்தைந்தும், சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றும், துரியத்தில் பிராணனும் புருடனும், துரியாதீதத்தில் புருடன் ஒன்றுமே நிற்கும் என்ப. சிந்தித்தற்குரிய சித்தம் சுழுத்தியில் நின்று துரியத்தில் நீங்குகின்றது. புருடனோ ஐந்தினும் நீங்குவதில்லை. நினைவின் கருவி போயவழியும் நினைப்பான் போயிலன் என்பதற்கு இவ்வடைவே சான்று. அமைச்சர் ஒருவர் பின் ஒருவராய் வாயிலிலே நின்றுவிட, அரசன் தனியே அந்தப்புரம் புக்கான் எனின், அரசன் இறந்தான் என்பார் இலர்.

இதனை ஒருவாற்றான் தெளிவிப்பது அமெரிக்க நாட்டு ஹென்றி மொலேசன் என்பாருடைய வரலாறு. அவர்க்கு 1953-ஆம் ஆண்டில், 27-ஆம் வயதில், வலிப்புநோய் தீர்த்தற்பொருட்டு மூளையின் இருபாலும் ஒருபகுதி அறுத்து நீக்கப்பட்டது. அதுமுதல் 2008-இல் இறக்குந்துணையும் புதிதாக நிகழ்ந்தது எதனையும் சிறிது பொழுதிற்குமேல் அவர் நினைவில் வைத்திலர். பிரெண்டா மில்னர் என்னும் ஆராய்ச்சியாளர், கண்ணாடியில் நிழலை நோக்கிக் கோடு வரையும் பயிற்சியை அவர்க்கு நாள்தோறும் கொடுத்தனர். முன்னை நாள் வரைந்ததனை அவர் அறியார். ஆயினும் நாளடைவில் அவர் கை பிழையின்றி வரைந்தது. இப்பொழுது காண்பதனைக் கண்டார், வினவியதற்கு விடை கூறினார், கற்றார். கற்றதனை மட்டும் நினைந்திலர். இவ்வொன்று கொண்டு ஆன்மா உண்டென முடித்தல் கூடாது. மூளையின் ஒருபகுதி கெட மற்றொருபகுதி தொழில் செய்தது என்று உலகாயதன் கூறுவன். ஆயின், நினைவு கெட்டவழி அறிவான் கெட்டான் என்னும் கூற்றுப் பொருந்தாது என்னுமளவிற்கு இஃது அமையும்.

எஞ்சியது கூடலையாற்றூர் நிகழ்ச்சி. ஆரூரர் அத்தலத்தைச் சாராது திருமுதுகுன்றம் நோக்கிச் சென்றனர். இறைவர் வேதியராய் வழியில் நின்றனர். முதுகுன்றத்திற்கு வழி யாது என வினவிய ஆரூரர்க்கு, கூடலையாற்றூர்க்குச் செல்லும் வழி இது எனக் கூறி, உடன்வந்து மறைந்தனர். அதன்பின்னரே ஆரூரர், வந்தவர் இன்னார் என்று உணர்ந்து, உடன்வந்தும் தாம் அறியாதிருந்த அதிசயத்தை வியந்து பாடினர்.

ஈண்டு நினைவின் உருவம் மாறியதில்லை. மறையுமுன் கண்டது ஒரு வேதியர் வடிவம்; மறைந்தபின் நினைத்ததும் அவ்வடிவமே. மாறியது அவ்வுருவத்தின் பொருள். 'அது', 'இது' எனச் சுட்டியறியும் அறிவுக்கு அகப்படுவனவெல்லாம் மாறுபாடுடைமையின் அசத்து என்றும், சிவம் அச்சுட்டறிவுக்கு அகப்படாது என்றும் ஆறாஞ் சூத்திரம் கூறும். நினைவு 'அது' எனச் சுட்டுவது; காட்சி 'இது' எனச் சுட்டுவது; பிரத்தியபிஞ்ஞை இரண்டு சுட்டினையும் ஒன்றாக்கி, 'அதுவே இது' என்பது. மூன்றும் சுட்டேயாம். ஆகலின் ஆரூரர் கண்ணாற் கண்டும் கண்டிலர், நினைவைத் துருவியும் அறியமாட்டார், உணர்த்த உணர்ந்தனர். அசத்து என்னுஞ் சொல்லை இல்பொருள் எனக் கொண்டு உலகினைப் பொய்யென்பாரும் இவ்விடத்தை நோக்குக. அவ்வேதியர் நின்ற வழி பொய்யன்று. நடந்த நடை பொய்யன்று. அவ்வழி இன்றும் கூடலையாற்றூர்க்குச் செல்கின்றது. நிலைபேறின்மையே அசத்து என்பதன் பொருள்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றான், நினைவு நினைப்பானை நாட்டும் என்பதும், நினைக்கப்பட்டதன் மெய்ம்மைக்கு மச்சமும் மூலவோலையும்போலும் சான்று வேண்டும் என்பதும், நினைப்பான் சிவம் அல்லன் என்பதற்கு மறதியே போதிய ஏது என்பதும் போந்தன. இவற்றைத் தெளிந்த சைவர் ஒருவர், நினைவிழந்த முதியோரைக் குறித்து, 'உயிர் முன்னரே போயிற்று. உடலே கிடக்கின்றது' என்று கூறுதல் தம் நூற்கொள்கைக்கு மாறாம். அவ்வுயிர் கருவியிழந்து ஒடுங்கியிருப்பதன்றி இல்லையாயிற்றில்லை. அவர்க்குச் செய்யும் தொண்டினை அவர் மறுநாள் நினையாராயினும், செய்த அப்பொழுது அதனை நுகர்வார் ஒருவர் அங்கு உளர்.

இறுதிக்காலத்தில் ஐந்தெழுத்தையும் மறந்துவிடின் என் செய்வது என்று அஞ்சும் அடியார்க்கும் ஈதொன்று கூறற்பாலது. கொங்குநாட்டுத் திருப்பாண்டிக்கொடுமுடியில் ஆளுடைய நம்பிகள் பாடியருளிய நமச்சிவாயத் திருப்பதிகத்தின் கருத்து, தாம் மறந்தவிடத்தும் தம் நா அத்திருநாமத்தைச் சொல்லும் என்பது. மறவேன் என்று உறுதி கூறாது, மறத்தலை உடன்பட்டே அவர் அங்ஙனம் பாடினர். வெண்ணெய்நல்லூரில் தம்மை மறந்திருந்தவரைத் தேடிவந்து ஆட்கொண்டவரும், கூடலையாற்றூரில் அறியாதவரொடு வழி நடந்தவரும் ஒருவரே என்பதனை அறிந்தவர் அவர். உயிர் மறப்பினும் உணர்த்துவான் மறப்பதில்லை ஆகலின், நாவிற்கு நாள்தோறும் பயிற்சி தருதலே அடியவர் செய்யக்கடவது.